பாதியில் போர்த்திய பொன்னாடை

எனக்கு எதிலும் அவசரம். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குவேன். பிரஷர் அடங்குவதற்குள் குக்கர் மூடியைத் திறக்கப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் ஒரு பியானோ கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தது என் தப்புதான்.

வாசித்தது என் வீட்டுக்காரர் டேனியல். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. நாற்பத்திரண்டு வயதில் பியானோ கற்றுக்கொள்ளக் கிளம்பியவர். முதல் மேடையில், எங்கள் சர்ச் விழாவில், பாதியிலேயே விரல் நடுங்கி, "சாரி" என்று எழுந்து வந்துவிட்டார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மேடை வந்தபோது சொன்னார்: "ஸ்டெல்லா, இந்தத் தடவையும் நடுவுல நின்னுட்டேன்னா பழகறதுக்கு வாங்கின கீபோர்டை யாருக்காவது குடுத்துடறேன். நமக்கு இதெல்லாம் வராது."

அந்த மேடை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஹால். லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, பியானோவைச் சுற்றி மெழுகுவர்த்தி ஏற்றி, இரவைப் பற்றிய இசையாகவே வாசிப்பார்களாம். (கரண்ட் போனால் எங்கள் தெருவிலும் இதேதான், பியானோ ஒன்றுதான் குறை.)

நான் வெறுங்கையோடு போவேனா? சண்முகம் ரோட்டுக் கடையில் ஒரு பொன்னாடை வாங்கினேன். ஜரிகையும் குஞ்சமுமாகப் பளபளவென்று இருந்தது. நம்ம ஊரில் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசினாலே பொன்னாடை போர்த்துகிறோம். இந்த மனுஷன் பத்து விரலாலும் வாசிக்கப்போகிறார்!

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சர்ச் விழா அன்று நான் ஊரில் இல்லை; அவர் வாசித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று கற்றுக்கொண்ட ஆறு மாதமும் கீபோர்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகினார். எனக்குக் கேட்டதெல்லாம் கட்டை அமுங்குகிற டக் டக் சத்தம் மட்டும்தான்.

அன்று சாயங்காலம்தான் முதல்முறையாகக் கேட்டேன். அந்த டக் டக்குக்குள் இப்படி ஒன்று இருந்ததா! வேலை முடிந்து மொட்டை மாடியில் காற்று வாங்கினால் வருமே ஒரு நிம்மதி, அது ஹால் முழுக்க வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட் அம்மாவிடம் "வாசிக்கிறது என் வீட்டுக்காரர்" என்றேன். அந்த அம்மா யாரென்று கேட்கவேயில்லை. இருந்தாலும் ரெண்டு தடவை சொன்னேன்.

திடீரென்று சத்தம் நின்றது. அவர் கை ரெண்டும் அந்தரத்தில் இருந்தன. ஒருத்தர்கூட இருமவில்லை. ஆஹா, நடுவில் நிற்காமல் முடித்துவிட்டாரே! பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டு கிளம்பினேன்.

"அம்மா, இன்னும் முடியலை!" என் மகள் பிரியா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யார் கேட்டது?

அவர் தோளில் நான் போர்த்தவும், அவர் கை மறுபடி கட்டையில் இறங்கவும் சரியாக இருந்தது. பதறிப்போய்ப் பொன்னாடையை வெடுக்கென்று உருவினேன். குஞ்சம் மெழுகுவர்த்தியில் பட்டுக் குப்பென்று பிடித்துக்கொண்டது. "ஐயையோ, ஆண்டவரே!" என்று கத்தி, அதைக் கீழே போட்டு, செருப்புக் காலால் மிதி மிதியென்று மிதித்தேன்.

அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். போச்சு, எழுந்துவிடப் போகிறார், என்னால்தான் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எழவில்லை. விரல் நடுங்கவும் இல்லை. கருகின வாசனையிலும் கடைசி ஸ்வரம்வரை வாசித்துவிட்டுத்தான் கையை எடுத்தார். மொத்த ஹாலும் எழுந்து நின்று கைதட்டியது. நான் பொசுங்கின பொன்னாடையோடு மேடையிலேயே நின்றேன். அவருடைய பியானோ மாஸ்டர் வந்து, "மேடம், அந்தக் கால் தாளம் நோட்ஸ்ல இல்லையே" என்றார்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன்: "ஏங்க, அவ்வளவு கலாட்டாவுலயும் எப்படி நிறுத்தாம வாசிச்சீங்க?"

"நான் நிறுத்தியிருந்தா எல்லாரும் உன்னையில்ல பார்த்திருப்பாங்க?"

பின்சீட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது அந்தப் பொன்னாடைதான் கீபோர்டுக்கு உறை, கருகின மூலை வெளியே தெரிகிற மாதிரி. எந்தக் கல்யாணத்தில் நான் நாற்காலியை விட்டு அசைந்தாலும், "அம்மா, இன்னும் முடியலை" என்கிறாள் பிரியா. அவர் மட்டும் கேலி செய்வதில்லை. ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டார், இப்போதெல்லாம் வீடே கேட்கிற மாதிரிதான் பழகுகிறார். வாசிப்பு எங்கே முடியும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.