எல்லாத் திரையிலயும் என் காய்ச்சல்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். லேப் தேர்வுக்கு மாஸ்டர் மெஷினைத் தயார் பண்ணணும்.

தென்காசியில ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடுத இன்னொரு கம்ப்யூட்டர், அதான் விர்ச்சுவல் மெஷின். அதுல ஒண்ணை மாஸ்டராச் செஞ்சு, சர்வர்ல லைப்ரரின்னு இருக்க பொது இடத்துல வச்சாப் போதும். லேப்ல எல்லாத் திரையிலயும் அதோட நகல் வந்து உக்காந்துக்கிடும்.

செஞ்சேன், வச்சேன். எச்.ஓ.டி. சார்ட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு, வீட்டுக்காரரோட பைக்ல குற்றாலம் போயிட்டேன். சீசன் ஆரம்பிச்சு சாரல் அடிக்குது. யாரு லேப்ல உக்காருவா?

ஃபோனை அவுக கையில கொடுத்துட்டு அருவிக்குப் போனேன். குளிச்சுட்டு வந்தா, அவுக முகமே சரியில்லை. சார் கூப்பிட்டாராம். மேடத்துக்கு எப்படி இருக்குன்னு கேட்டாராம். இவுக, அருவியில குளிச்சிட்டு இருக்கான்னு உண்மையைச் சொல்லிட்டாக.

"ஒரு பொய் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"நீ சொல்லித் தரலையே."

நானே கூப்பிட்டேன். சார் சத்தம் போடலை. அதான் பயமா இருந்துச்சு. எல்லாத் திரையிலயும் ஒரு அறிவிப்பு வருது, மூடினா திரும்பவும் வருது, பிள்ளைகளால தேர்வு எழுத முடியலைன்னாரு. என்ன அறிவிப்புன்னு கேட்டேன். வாசிச்சாரு.

"காய்ச்சல்னு சொல்லணும். குரல் கம்மலா இருக்கணும். மாத்துத்துணி மறக்கக் கூடாது."

காலையில எனக்கு நானே வச்ச நினைவூட்டல். என் கம்ப்யூட்டர்ல வைக்கதா நினைச்சு, மாஸ்டர்லயே வச்சிருக்கேன்.

"பழைய மாஸ்டர் லைப்ரரியில இருக்கு சார். அதை எடுத்து விட்டா சரியாயிரும்."

"சரிம்மா. லைப்ரரி பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

அந்தப் பாஸ்வேர்ட், ஸ்டாஃப் ரூம்ல நாங்க சாருக்கு வச்சிருந்த பட்டப்பேரு.

மெதுவாச் சொல்லிப் பாத்தேன். அருவிச் சத்தத்துல கேக்கலைன்னாரு. வேற வழியில்லாம ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக் கத்தினேன். பக்கத்துல ஈரத்தலையோட நின்ன பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாக்காங்க. அங்கன சாரும் ஒவ்வொரு எழுத்தாத் திருப்பிச் சொல்லுதாரு, லேப் முழுக்கக் கேக்கும்படியா.

கடைசி எழுத்தோட 'வழுக்கை'ன்னு முடிஞ்சுது.

அப்புறம் சார் கேட்டாரு. "முதல் எழுத்து பெருசா, சின்னதாம்மா?"

"பெருசு சார்."

பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து, தேர்வு ஒருவழியா முடிஞ்சுட்டு. பாஸ்வேர்டை உடனே மாத்தணும்னு மறுநாள் சார் உத்தரவு போட்டாரு.

மாத்திட்டேன். கடைசியில 'சார்' சேத்திருக்கேன்.