பெஞ்ச் இல்லாத இன்டர்வியூ

சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் என்னென்ன கேட்பார்கள் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எங்கள் வீட்டார் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா?

இரண்டாயிரத்தின் தொடக்கம். செங்கல்பட்டில் எம்.சி.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். (ஏறியதைவிட இறங்கியதுதான் வேகம்.) அம்மா ஒரு நர்சரி பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ். "இதுவும் கெடைக்கலன்னா ஜூன்ல எங்க ஸ்கூல்லயே டீச்சரா சேந்துடு" என்று சொல்லிவிட்டாள். வீட்டிலும் அம்மா, வேலையிலும் அம்மா! அந்தப் பயத்தில் நான் படித்த மாதிரி எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை.

மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். அப்பா மறைமலைநகர் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு டீக்கடையில் காத்திருந்தார். உள்ளே ஒரே ஒரு மீசைக்கார சார். லிங்க்டு லிஸ்ட்டை எப்படித் திருப்புவீர்கள் என்று கேட்டார். கம்ப்யூட்டரில் தகவல்களை வரிசையாகக் கோத்துவைக்கும் முறை அது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில் விளையாடும் பிள்ளைகள் மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் முன்னால் இருப்பவரை மட்டும்தான் தெரியும். யாரும் தொலைந்துபோகாமல் அந்த ரயிலை எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும்.

"கடைசி ஆள்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார்."

"கடைசி ஆள் யாருன்னு எப்படித் தெரியும்?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், கடைசி ஆள் வரவே இல்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டே, "சரி, மொதல்ல கொஞ்சம் பெஞ்ச்ல இருக்கவேண்டி வரும். பரவாயில்லையா?" என்றார்.

அம்மாவின் பள்ளியில்தான் நானும் படித்தேன். பதில் தெரியாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்ச் மேல் ஏறவேண்டும், பெற்ற பெண்ணுக்கும் சலுகை கிடையாது. செருப்பைக் கழற்றினேன். சுற்றிலும் பார்த்தேன்.

"பெஞ்ச் இல்லையே சார். சேர் ஓகேவா?"

"ம்... ஓகே" என்றார், தலை நிமிராமல்.

ஏறினேன். அது சுழல் நாற்காலி.

முதல் சுற்றில் ஜன்னல் தெரிந்தது, இரண்டாவது சுற்றில் சாரின் திறந்த வாய் தெரிந்தது. ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார். பிறகு அதை விட்டுவிட்டு என் கையைப் பிடிக்க வந்தார். நாற்காலி மறுபடி கிளம்பியது.

"சார், விடறதுக்கு முன்னாடி அடுத்ததப் புடிச்சுக்கணும் சார்!" என்று அலறினேன்.

அவர் அப்படியே நின்றார். "இவ்ளோ நேரம் இதத்தானம்மா கேட்டேன்!"

எனக்கும் அப்போதுதான் விளங்கியது: ஒரு பிள்ளையின் சட்டையை விடுவதற்கு முன்னால் அடுத்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் ரயிலில் யாரும் தொலையமாட்டார்கள். கீழே இறங்கி, முழுப் பதிலையும் போர்டில் எழுதினேன். பெஞ்ச் என்றால் புராஜெக்ட் வரும்வரை சம்பளத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பது என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். (சிரித்த கண்ணீர்தான்.)

டீக்கடையில் அப்பா எழுந்து வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"கெடச்சிடுச்சுப்பா! கொஞ்ச மாசம் பெஞ்ச்ல வைப்பாங்களாம்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "அதுக்கு உங்கம்மா ஸ்கூலே தேவலையே!"

பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்தேன், நடுவில் கொஞ்சம் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது இன்டர்வியூ எடுப்பதே நான்தான். சொந்தத்தில் யார் வேலை தேடிக் கிளம்பினாலும் அம்மா விபூதி பூசி, ஒரே ஒரு புத்திமதி சொல்லி அனுப்புகிறாள்:

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எது மேலயும் ஏறி கீறி வைக்காத."