ஜெயித்தவனின் இஞ்சின்

வீட்டுக் கார்களையே மாற்றி ஓட்டும் ஸ்டாக் கார் பந்தயத்தில் வீரராக விரும்பும் கணவன்மார்களுக்கு ஓர் ஆலோசனை. பந்தயக் காருக்கு இஞ்சின் வேண்டுமென்றால் வெளியே வாங்குங்கள். மனைவியின் காரிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றியே தீருவேன் என்றால், விதிப்புத்தகத்தையாவது அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

என் கணவன் ஹார்லன் இரண்டிலும் கோட்டை விட்டான்.

ஹார்லன் ஏசி ரிப்பேர் செய்பவன். நல்ல ரிப்பேர்காரன். ஏப்ரலில் ஒரு காலை, எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் அவன் கையெழுத்தில் ஒரு தாள் தொங்கியது. தலைப்பு: ‘ஐந்தே வருடத்தில் தொழில்முறை வீரன்’. முதல் விதி, பந்தயத்தின் கடைசிப் பிரிவில் தொடங்கு. இரண்டாவது, கையில் இருப்பதை வைத்துத் தொடங்கு. மூன்றாவது, குடும்பத்தின் ஆதரவைப் பெறு. ‘யார் கையில்?’ என்று இரண்டாவதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு கார் ஷெட்டுக்குப் போனேன். என் பச்சைக் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாய்க்குள் ஒன்றுமில்லை.

நான் படிக்கும் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல். வட கரோலினாவின் இந்த மூலையில் பஸ் என்றால் பள்ளிக்கூட பஸ்தான். மூன்று வாரம் கோழிப் பண்ணை லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். தர்க்கவியல் வகுப்பில் என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியாயின. அதையும் பொறுத்தேன். பிறகு லாரிக்காரர் ஒரு வாரம் கடற்கரைக்குப் போவதாகச் சொன்னார். அந்த வாரத் திங்கட்கிழமைதான் எனக்கு வாய்மொழித் தேர்வு. போகாவிட்டால் ஒரு வருடம் வீண்.

“ஹார்லன், இஞ்சினை எப்போ திருப்பி வைக்கப் போறே?”

“ஞாயித்துக்கிழமை.”

“எந்த ஞாயித்துக்கிழமை?”

“சீசன் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை.”

சீசன் முடிவது அக்டோபரில். அப்போது மே மாதம்.

சொத்துரிமை பற்றி இருபது நிமிடம் பேசினேன். சம்மதம் பற்றிப் பத்து நிமிடம். அவன் வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டே கேட்டான். கல்யாணம் ஆகிவிட்டால் எல்லாமே பாதிப் பாதிதானே என்றான். அப்படியானால் உன் பாதி இஞ்சினை மட்டும் கழற்றிக்கொள் என்றேன். உடனே ஒரு சின்னப் புத்தகத்தை என் மடியில் போட்டான்.

“ட்ராக்ல வாதத்துக்கெல்லாம் இடமே கிடையாது, கோரின். எல்லாம் விதி. படிச்சுப் பாரு. உனக்கும் மனசு அமைதியாகும்.”

படித்தேன். பதினோராம் பக்கத்தில் மனசு அமைதியானது.

கடைசிப் பிரிவில் பணத்தைக் கொட்டி யாரும் பெரிய இஞ்சின் பூட்டிவிடக்கூடாது அல்லவா? அதற்காக ஒரு விதி. பந்தயத்தை ஓடி முடித்தவர் எவரும், ஐந்நூறு டாலரைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவரின் இஞ்சினைக் கேட்கலாம். அவர் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அந்த வருடம் முழுக்க ட்ராக்குக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

இது உண்மையா என்று ஹார்லனிடமே கேட்டேன். சிரித்தான். “எழுதி வெச்சிருக்கு, அவ்வளவுதான். யாரும் கேட்கமாட்டாங்க. ஒருத்தன் இஞ்சினைக் கேட்கிறதும் அவன் பொண்டாட்டியைக் கேட்கிறதும் ஒண்ணு.”

இந்த உவமைக்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருக்க வேண்டும். நேராக வெர்லீன் அக்கா வீட்டுக்குப் போனேன்.

வெர்லீன் அக்கா எங்கள் பக்கத்து வீடு. காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சனிக்கிழமை மதியம் பந்தயம் ஓட்டுவார். பன்னிரண்டு வருடமாக. அவரிடம் ஒரு பழைய ரோஸ் நிறப் பந்தயக் கார் சும்மா கிடந்தது.

“வேகமா ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது, அக்கா.”

“இடது பக்கம் திரும்பத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பப் போதும், கண்ணு. வளைவு முழுக்க இடது பக்கம்தான்.”

என் கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் பதிவு செய்தோம். சிக்கல் ஒன்றுதான். ஹார்லன் ஜெயிக்க வேண்டும். அதுவரை அவன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு நீ ஜெயித்தே ஆகவேண்டும் என்றேன். அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. ஃபிரிட்ஜுக்குப் போய், குடும்பத்தின் ஆதரவு என்ற மூன்றாவது விதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டான்.

இருபத்தைந்து சுற்று. நான் பள்ளிக்கூட பஸ் வேகத்தில் உருட்டினேன். ஹார்லன் என்னை நான்கு முறை தாண்டினான். நான்கு முறையும் மரியாதையாக ஒதுங்கினேன். நான்கு முறையும் முஷ்டியை ஆட்டிக்காட்டிவிட்டுப் போனான். அவனைத் துரத்தி வந்த நீலக் காருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் நான் வழியை அடைத்துக்கொண்டு போனேன்.

ஹார்லன் ஜெயித்தான். கடைசி ஆளாக நானும் ஓடி முடித்தேன்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனேன். கையில் ஒரு காபி டப்பா. கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஹார்லன் எல்லாரிடமும் அந்த ரோஸ் ஆமையைப் பற்றித்தான் திட்டிக்கொண்டிருந்தான். அதற்கு லைசென்ஸ் கொடுத்தவனைப் பார்க்க வேண்டுமாம். பந்தய அதிகாரி பிளெட்சோ தொண்டையைச் செருமினார்.

“ஹார்லன், உன் இஞ்சினைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்காங்க.”

சுற்றி நின்றவர்கள் சாவு வீட்டில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஹார்லன் முகம் சுண்டிப் போனது.

“எவன் அந்த மானங்கெட்டவன்? ஒருத்தன் பொண்டாட்டியைக் கேட்கிற மாதிரி...”

ஹெல்மெட்டைக் கழற்றினேன். “பொண்டாட்டியேதான் கேட்கிறேன்.”

கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பேசினான். இதென்ன நியாயம், கல்யாணம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன, எல்லாம் பேசினான். நன்றாகவே வாதாடினான். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று ஆச்சரியமாக இருந்தது.

“ட்ராக்ல வாதத்துக்கு இடமே கிடையாது, ஹார்லன்,” என்றேன்.

பிளெட்சோ டப்பாவைத் திறந்து ஐந்நூறு டாலரை எண்ணினார். மூடியில் ‘டயர் வாங்க’ என்று எழுதியிருந்தது.

“இது என் டப்பா!”

“கல்யாணம் ஆயிட்டா எல்லாமே பாதிப் பாதிதானே?”

ஜெயித்த காரிலிருந்து இஞ்சினை அவனே கழற்றினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பச்சைக் காரில் அவனே பூட்டினான். திங்கட்கிழமை தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். தேறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை படுக்கைக்கே காபி வந்தது. கூடவே ஹார்லனும். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும், அதுவும் மதியம் மட்டும், இஞ்சினை இரவல் தர முடியுமா என்று கேட்டான். பன்னிரண்டாம் பக்கத்தில் மூலை மடித்து வைத்திருந்த விதிப்புத்தகத்தை நீட்டினேன். கேட்டு வாங்கப்பட்ட இஞ்சினை அந்த சீசன் முழுக்கப் பழைய சொந்தக்காரர் பூட்டி ஓட்டக்கூடாது.

இரண்டு முறை படித்தான். பிறகு எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவில் மூன்றாவது விதியின் டிக்கை ரப்பரால் அழித்தான்.