தல்கோத்ரா வம்சத்தின் தோற்றமும் பரவலும்

மனிதராகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருந்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுக்கப்பட்டது. முடிவெடுத்தவர்களுக்குக் கடலூர் என்று ஒரு மாவட்டம் இருப்பது தெரிந்திருக்கலாம். அங்கே உள்ளவர்கள் தகப்பன் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கி முன்னால் நிறுத்திவிட்டு, வம்சத்தை அதோடு முடித்துக்கொள்கிறவர்கள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சேவை மையத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்த ஜான்சிக்குத்தான் இது முதலில் தெரியவந்தது. ஓய்வூதிய மனுவோடு வந்த ரத்தினம்மாளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் திரை சிவந்தது. முன்னெழுத்தைப் போட்டால், குறைந்தது நான்கு எழுத்து வேண்டும் என்று சிவந்தது. தகப்பன் பெயரை முழுசாகப் போட்டால், அந்தப் பெயருக்கு மூன்று தலைமுறை ஆதாரம் கேட்டுச் சிவந்தது.

அன்று காலையில்தான் குர்மீத் சிங் தல்கோத்ரா என்ற பஞ்சாப்காரர் வந்துபோயிருந்தார். சம்பா அறுவடைக்காக நெல் அறுக்கும் மிஷினோடு வருஷா வருஷம் காட்டுமன்னார்கோயில் பக்கம் வருகிறவர். மிஷினுக்கு ஏதோ அனுமதி வேண்டி வந்தார். மூன்று தலைமுறை ஆதாரமும் கையோடு வைத்திருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. சரிபார்க்கப்பட்ட குடும்பப் பெயர் என்று கணினி அதை மனதில் வைத்துக்கொண்டது. ரத்தினம்மாளின் கட்டத்துக்குக் கீழே அந்த ஒரு பெயரை மட்டும் சாம்பல் நிறத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

ஜான்சி அதைத் தொட்டாள். பச்சை எரிந்தது.

"யாரும்மா அது தல்கோத்ரா?" என்றார் ரத்தினம்மாள்.

"தெரியலக்கா. ஆனா போவுது."

"போவுதா? அப்ப போவட்டும்."

கடலூர் மாவட்டத்தில் தல்கோத்ரா வம்சம் இவ்வாறு தோன்றியது.

போகிற மனுவை எதிர்த்துப் பேசும் வழக்கம் நம்மிடம் கிடையாது. சிதம்பரத்தில் போவுதாம் என்ற செய்தி புவனகிரிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் குரல்பதிவாகப் பரவியது. ரேஷன் அட்டை, பட்டா மாறுதல், பிறப்புச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் தல்கோத்ரா பெயரில் பச்சையாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்த அறுவடைக்குள் மாவட்டத்தில் தல்கோத்ரா அல்லாதவர் என்றால், அரசிடம் எதுவும் கேட்காதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை.

பிறகு அரிய குடும்பப் பெயர்கள் பற்றிய ஆய்வுக் குழு ஒன்று வரைபடத்தோடு வந்தது. எந்தப் பெயர் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அதுவே அதன் பிறப்பிடம் என்பது குழுவின் கொள்கை. வரைபடத்தில் வீராணம் ஏரியைச் சுற்றி மருதாணி இட்டது போல ஒரே சிவப்பு. பஞ்சாபில் கொசு உட்கார்ந்தது போல ஒரு புள்ளி. 'இப்பெயர் கடலூரில் தோன்றியது என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் சில குடும்பங்கள் பிழைப்புக்காகப் பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்திருக்கக்கூடும்' என்று குழு எழுதிக் கையெழுத்திட்டது.

அதுவரை வெறும் மனுவில் இருந்த பெயர் அதன்பின் நாகரிகமாயிற்று. தல்கோத்ரா மெஸ் திறந்தார்கள். காதணி விழா பேனர்களில் குழந்தையின் பெயரைவிடத் தல்கோத்ரா பெரிதாக இருந்தது. உலக தல்கோத்ரா பேரவைக்குச் செம்பியன் என்பவர் தலைவரானார். அதற்கு முன் பந்தல் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். பேரவைக் கூட்டங்களுக்கு உறுப்பினர்கள் ரோஜா நிறத் தலைப்பாகையில் வந்தார்கள். கடையில் தைத்தே விற்றது. தொப்பி போல மாட்டிக்கொண்டால் போதும்.

ஒரே பெயர் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டில் சாவு என்றால் தீட்டு. மாவட்டத்தில் தினமும் எங்காவது ஒரு தல்கோத்ரா இறந்துகொண்டிருந்ததால் எல்லா அலுவலகங்களிலும் தினமும் தீட்டு விடுப்பு கேட்டார்கள். விடுப்பை மறுக்க வேண்டிய மேலதிகாரியும் தீட்டில் இருந்ததால் மறுக்க ஆள் இல்லை. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடும்பப் பெயர் ஒழுங்குமுறை அலுவலகம் தொடங்கப்பட்டு, சுப்புராயன் என்பவர் அதன் அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அவர் விடுப்பே எடுக்காதவர். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

நெல்லிக்குப்பம் லூர்துநாதனின் மகள் ஆரோக்கிய அனிதா கடலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்கும் புவனகிரி டேவிட் ராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டேவிட் துபாயில் குளிர்சாதன வேலை பார்க்கிறவன். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். மாதா கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அவன் விடுப்பும் அந்த வாரத்தோடு முடிகிறது. இப்போது விட்டால் அடுத்த விடுப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான். புதுச் சட்டப்படி ஒழுங்குமுறை அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கவும் முடியாது. மூவரும் மஞ்சக்குப்பம் போனார்கள்.

சுப்புராயன் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தல்கோத்ரா. பங்காளி வீடு. அண்ணன் தங்கச்சி முறை. சான்று தர முடியாது."

"சார், நாங்க நெல்லிக்குப்பம். பையன் புவனகிரி" என்றார் லூர்துநாதன். "போன ஐப்பசியிலதான் ஒருத்தர ஒருத்தர் மொத மொதலா பார்த்தோம்."

"பங்காளிங்க அப்படித்தான். வருஷக்கணக்கா பார்த்துக்க மாட்டாங்க."

"அது சேவை மையத்துல போட்ட பேரு சார்."

"போட்டாங்க, நீங்க வாங்கிக்கிட்டீங்க. அந்தப் பேர்ல ரேஷன் வாங்கினீங்களா இல்லையா?"

லூர்துநாதன் தான் கட்டியிருந்த வேட்டியைக் குனிந்து பார்த்தார். அது போன மாசம்தான் ரேஷன் கடையில் வாங்கிய பொங்கல் வேட்டி.

அனிதா மேசை மேலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாள். "சார், நீங்களும் சுப்புராயன் தல்கோத்ரான்னு போட்டிருக்கே. உங்க வீட்ல?"

"அவுங்களும் தல்கோத்ராதான்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குக் கல்யாணம் முன்னாடியே ஆயிடுச்சும்மா. விதிப்படி அது தவறுன்னு தெரிஞ்சதும் நானே என் மேல ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். பதில் வர்ற வரைக்கும் அவுங்க அம்மா வீட்ல இருக்காங்க."

சட்டம் இவ்வளவு சுத்தமாக நடக்கும் இடத்தில் கெஞ்சுவதுதான் மிச்சம். கடைசியில் டேவிட்தான் கேட்டான்.

"இதுக்கு வழியே இல்லையா சார்?"

"ஒண்ணு இருக்கு. குடும்பத் தலைவர் நேர்ல வந்து, நீங்க ரெண்டு பேரும் வேற வேற கிளைன்னு சொல்லணும். தலைவர்னா இந்த மாவட்டத்துல அந்தப் பேர்ல மொதல்ல பதிவானவர். பதிவேட்டுல குர்மீத் சிங்னு இருக்கு."

"அவரக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் நான் டேவிட்ட அண்ணான்னு கூப்பிடணுமா சார்?" என்றாள் அனிதா.

"கட்டாயமில்லை. அது உங்க விருப்பம்."

காட்டுமன்னார்கோயிலுக்கு வெளியே வயலோரம் மிஷினை நிறுத்திவிட்டு, அதன் நிழலில் குர்மீத் சிங் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வருஷம் வந்துபோனதில் தமிழ் பழகியிருந்தது. லூர்துநாதன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்போது குர்மீத்தின் போன் அடித்தது. மறுமுனையில் ஒரு கிழட்டுக் குரல் பஞ்சாபியில் கத்தியது. குர்மீத் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பெரியப்பா. டேய், எப்போடா வருவேன்னு தினம் திட்டு" என்றார். "ஊர்ல தல்கோத்ரா மொத்தம் அஞ்சு வீடுண்ணே. இங்க எவ்ளோ?"

"மாவட்டமே."

"எல்லாரும் எனக்குச் சொந்தமா?"

"கெவர்மென்ட் கணக்குல."

குர்மீத் ரொட்டியைக் கீழே வைத்தார். "அதான் போன வருஷம் டீசல் பங்க்ல ஒருத்தன் பங்காளின்னு கட்டிப்பிடிச்சான். நான் குடிச்சிருக்கான்னு நெனச்சேன். வர்றேன்ணே. வயல் ஈரமா கெடக்கு, ரெண்டு நாளைக்கு மிஷின் எறங்காது."

மறுநாள் நால்வரும் மஞ்சக்குப்பம் போனார்கள். சுப்புராயன் குர்மீத்தை எழுந்து நின்று வரவேற்றார். வம்சத் தலைவர் அல்லவா. உட்கார்ந்ததும் கேட்டார்:

"நீங்க தல்கோத்ராங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

குர்மீத் தாத்தா காலத்துக் காகிதம் முதல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். சுப்புராயன் எதையும் தொடவில்லை. "இதெல்லாம் பஞ்சாப் காகிதம். தல்கோத்ரா கடலூர்ப் பேரு. ஆய்வுக் குழுவே சொல்லிடுச்சு. பேரவையோட பரிந்துரை வேணும்."

செம்பியனுக்குத் தகவல் போயிற்று. ரோஜா நிறத் தலைப்பாகையோடு வந்தவர், குர்மீத்தின் நீலத் தலைப்பாகையை இப்படியும் அப்படியும் சுற்றி வந்து பார்த்தார்.

"நம்ம தலைப்பா இப்படி இருக்காதே. இது என்ன, துணியா இருக்கு?"

"தினம் காலையில நானே கட்டறதுண்ணே."

"அதான் சொல்றேன். அசல்னா மாட்டறதுக்கு வசதியா இருக்கும்" என்றார் செம்பியன். "உங்க சொந்த ஊரு?"

"லூதியானா பக்கம்."

"மன்னிக்கணும் சார். நாளைக்கு எவன் வேணாலும் வந்து நானும் தல்கோத்ரான்னு சொல்லுவான். நம்ம இனத்தோட தூய்மை என்னாவறது?"

பேரவையின் எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது. சுப்புராயன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குடும்பப் பெயருக்கு உரிமை இல்லை என்று நிரூபணமானவர்களுக்கு மட்டும், தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுத் தர அவருக்கு அதிகாரம் இருந்தது. குர்மீத்தின் தகப்பனார் பல்பீர் சிங். 'ப. குர்மீத் சிங்' என்று புது அட்டை வந்தது. இந்த மாவட்டம் முழுவதும் இழந்த ஒரு பொருள் முதன்முறையாக ஒருவருக்குத் திருப்பித் தரப்பட்டது. லூர்துநாதன் அந்த அட்டையை வாங்கி, அந்த ஒற்றை எழுத்தையும் பக்கத்திலிருந்த புள்ளியையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், எங்க கல்யாணம்?" என்றாள் அனிதா.

"தலைவர் இல்லாத குடும்பத்துல கிளை பிரிக்க முடியாதும்மா." சுப்புராயன் உண்மையாகவே வருந்தினார். "ஆனா ஒண்ணு. நீங்க தல்கோத்ரா அல்லாதவரைத் தாராளமா கட்டிக்கலாம். இன்னிய தேதிக்கு இந்த மாவட்டத்துல அப்படி ஒருத்தர் இருக்கார்."

எல்லோரும் குர்மீத்தைப் பார்த்தார்கள். குர்மீத் பதறிப்போனார்.

"ஐயோ, எனக்கு ஊர்ல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க!"

"புள்ளைங்க எந்தப் பேர்ல இருக்காங்க?" என்று சுப்புராயன் ஆர்வமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியில்தான் டேவிட்டுக்கு வழி தெரிந்தது.

"சார், இவருக்குப் புள்ளையா பொறந்தா அந்தப் புள்ளைக்கு என்ன பேரு?"

"தகப்பனுக்குக் குடும்பப் பேரு இல்ல. அதனால தகப்பன் பேரோட மொத எழுத்து. கு."

"தத்து எடுத்தா?"

சுப்புராயன் புரட்டினார். "அதுவும் கு. வயசு வரம்பு சொல்லல."

"மச்சான், உனக்குச் சம்மதமா?" என்றார் லூர்துநாதன் குர்மீத்தைப் பார்த்து. அன்று காலைவரை அண்ணன் தம்பியாக இருந்தவர்கள், குர்மீத் தல்கோத்ரா இல்லை என்று ஆனதும் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். இந்த விஷயத்தில் நாம் அரசு உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை.

குர்மீத் டேவிட்டை மேலும் கீழும் பார்த்தார். "ஏசி ரிப்பேர் தெரியுமாடா மகனே?"

"தெரியும்ப்பா."

"மிஷின் கேபின்ல ஏசி வேலை செய்யல."

தத்து கையெழுத்தாயிற்று. டேவிட் கு. டேவிட் ராஜ் ஆனான். கல்யாணம் பேசி முடித்த அவனுடைய சொந்தத் தகப்பன், அட்டைப்படி அவனுக்கு யாரோ ஆனார். அவசரம் என்பதால் பங்குச் சாமியார் விதிவிலக்கு கொடுத்து, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாசித்தார். 'பஞ்சாபைச் சேர்ந்த குர்மீத் சிங் அவர்களின் மகன் டேவிட் ராஜ்' என்று வாசித்தபோது அவர் குரல் ஒரு முறை இடறியது. இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஒருவரும் சொல்லவில்லை. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த குர்மீத் பிரியாணி முடிந்ததும் தன் மகனைக் கூட்டிப்போய் கேபின் ஏசியைச் சரிபார்த்துக்கொண்டார்.

பச்சையாகப் போகிற ஒரு வழி திறந்தால் அதில் ஒரே ஒரு ஜோடி போவது நம் ஊரில் நடக்காது. மறுநாளே வயல் வரப்பில் வரிசை நின்றது. கல்யாணம் நிச்சயமான ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் குர்மீத்துக்குத் தத்துப் போக வேண்டும். இருவரும் போனால் மறுபடி அண்ணன் தங்கை. யார் போவது என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வரப்பிலேயே சண்டை போட்டார்கள். செம்பியன் தன் மகனையே அழைத்து வந்திருந்தார். தலைப்பாகையைப் பையில் வைத்திருந்தார். சுப்புராயனும் வரிசையில் நின்றார். சம்சாரத்தை வீட்டுக்குக் கூட்டிவர அவருக்கும் வேறு விதி கிடைக்கவில்லை. குர்மீத்தை விடப் பத்து வயது மூத்தவர், காலைத் தொட்டு, "அப்பா" என்றார்.

அறுப்பு தாமதமாகி நெல் கொஞ்சம் உதிர்ந்தது. ஆனால் இந்த ஏற்பாடு மேலிடத்தில் வெகுவாகப் பாராட்டப்பட்டது. கடலூர் முன்மாதிரி என்று அதற்குப் பெயரிட்டு நாடு முழுவதும் விரிவாக்கினார்கள். குடும்பப் பெயரோடு முன்னெழுத்தும் இனி கட்டாயம். காலியாக விட்டால் சிவக்கும். சரிபார்க்கப்பட்ட முன்னெழுத்தாக இருக்க வேண்டும். நாட்டிலேயே சரிபார்க்கப்பட்டு அதிகம் புழங்கும் முன்னெழுத்து அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கு.

பங்குனியில் அறுவடை முடிந்து குர்மீத் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெரியப்பா. குர்மீத் வழக்கம் போலக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். ஆனால் கிழவர் கத்தவில்லை. அன்று காலை ஊர்ச் சேவை மையத்தில், விவசாய மானியத்துக்காக, ஐந்து வீட்டாரும் வரிசையில் நின்றார்களாம். அங்கிருந்த பெண் எதையோ தொட்டாளாம். எல்லாருக்கும் போய்விட்டதாம்.

கிழவரின் குரல் குழைந்திருந்தது.

"அப்பா," என்றார், "எப்போ வர்றீங்க?"