பெருமை என்னும் பனியன்

ஆம்பூர்,
ஜூலை 8.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர், குடியாத்தம் ஆலயப் போதகர் அருட்திரு பிரேம்குமார் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் கனகராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு எனக்கு ரத்தக்கொதிப்பைத் தவிர வேறு குறைவில்லை. அங்கு உங்கள் சுகத்துக்கும் ஸ்வேதாவின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். ஸ்வேதாவுக்காகக் கொஞ்சம் அதிகமாகவே ஜெபிக்கிறேன். உன்னோடு குடித்தனம் நடத்துகிறாளே.

மரியாதை இதோடு முடிந்தது. இனி நீ, வா, போதான். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கூப்பிய கை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவாய். அதனால் தபால்.

நம் திருச்சபை மாத இதழில் 'வீட்டுக்குள்ளே வேதம்' என்று எட்டு மாதமாக நீ எழுதிவருகிற பக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். வீட்டில் நடக்கும் சின்னச் சின்னத் தொல்லைகளை எடுத்து ஆவிக்குரிய பாடம் சொல்வது நல்ல காரியம். யார் வீட்டுத் தொல்லை என்பதுதான் கேள்வி. உன் வீட்டில் குழாய் ஒழுகாதா? குடியாத்தத்தில் கரையான் கிடையாதா? ஒவ்வொரு மாதமும் 'ஆம்பூரில் ஒரு மூத்த சகோதரர்' என்றே ஆரம்பிக்கிறாய். பெயரை மறைத்துவிட்டாய், ரொம்ப நன்றி. 'ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தரம் பார்த்து ஓய்வுபெற்றவர், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் கதவு வீடு' என்று எழுதிய பிறகு பெயர் எதற்கு?

ஈஸ்டர் அன்று விருந்துக்கு ஆள் வந்து உட்கார்ந்த நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது உண்மை. இன்னொரு சிலிண்டருக்கு நான் புக் பண்ண மறந்ததும் உண்மை. அதற்காக என்னைக் கொண்டுபோய், விளக்கில் எண்ணெய் இல்லாமல் மணவாளனுக்குக் காத்திருந்த புத்தியில்லாத ஐந்து கன்னிகைகளோடு ஆறாவதாக நிறுத்தினாயே! அறுபத்திரண்டு வயது, மீசை வைத்த ஆள் நான். மறு ஞாயிறு ஆலயத்தில் மணியடிக்கிறவர் என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, விளக்குல எண்ண இருக்குதா?" என்று கேட்கிறார். பாடகர் குழு மொத்தமும் சிரித்தது. பொறுத்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டதற்கு, 'வெளியே பச்சை லைட், உள்ளே வறட்சி' என்று எழுதினாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்த மாதம் வந்திருப்பதைப் பொறுக்க முடியாது.

நடந்தது என்ன என்று என் வாயால் கேள். பக்ரீத் முடிந்து இரண்டாம் நாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்குவதற்குப் பதில் ஏறியது. கணுக்கால் வரை சோப்பு நுரை. சமையலறைத் தொட்டி 'களக் களக்' என்று பேச ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அக்தர் பானுவின் வீட்டுக்கும் சந்துக்குள் ஒரே கழிவுக் குழாய் என்பது உனக்குத் தெரியும். நான் துண்டோடு காம்பவுண்டு சுவருக்கு ஓடினேன்.

"இன்னாம்மா இது! ஆட்டுக் கொழுப்பு மொத்தத்தையும் குழாய்லயே ஊத்திட்டீங்களா? எங்க வீட்டுல நாத்தம் தாங்கல!"

முந்தின நாள் அந்தம்மா கொடுத்தனுப்பிய பிரியாணி என் வயிற்றில் அப்போதுதான் செரித்திருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"அல்லா சத்தியமா இல்லண்ணே. கொழுப்ப தனியா கட்டி முனிசிபாலிட்டி வண்டில போட்டுட்டோம். ஆளக் கூப்ட்டுப் பாருங்க, சும்மா பேஜார் பண்ணாதீங்க."

"பாக்கறேன், பாக்கறேன். உங்க கொழுப்பு வெளிய வரட்டும்!" என்றேன். சொன்ன பிறகுதான் அதில் இரண்டு அர்த்தம் இருப்பது புரிந்தது. அதற்குள் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது.

பிளம்பர் அருணகிரி வந்தான். நீளக் கம்பியை விட்டுக் குடைந்தான். வெளியே வந்தது என் பழைய பனியன். வெயில் காலத்தில் கரப்பான்பூச்சி ஏறி வருகிறது என்று குளியலறை ஓட்டையில் நான்தான் அதைச் சுருட்டி அடைத்திருந்தேன். எப்போது உள்ளே போனதோ. அருணகிரி அதைக் கம்பி முனையில் கொடி மாதிரி தூக்கிப் பிடித்து, "சார், கே.ஆர்.னு எழுதியிருக்குது. யாருது?" என்று சந்துக்கே கேட்கும்படி கேட்டான். கம்பெனிப் பழக்கம், என் துணிக்கெல்லாம் மார்க்கரில் எழுத்துப் போட்டு வைப்பேன். அக்தர் பானு சுவரோரம் நின்று பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மன்னிப்புக் கேட்கக் கூடாது என்றா இருந்தேன்? வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அரைக் கிலோ மக்கன்பேடா வாங்கிவந்தேன். அன்று அவர்கள் வீட்டில் விருந்தாளி. மறுநாள் அந்தம்மா முகம் சரியில்லை. அதற்கு மறுநாள் என் முகம் சரியில்லை. பேடா கெட்டுப்போகுமே என்று நானே தின்றேன். மறுபடி வாங்கினேன். இப்படி மூன்று வாரம். நல்ல காரியத்துக்கு நேரம் பார்க்க வேண்டாமா?

அதற்குள் உன் பக்கம் அச்சாகி வந்துவிட்டது. 'தன் கண்ணில் உத்திரம் இருக்க, அடுத்தவர் கண்ணில் துரும்பைத் தேடிய ஆம்பூர்ச் சகோதரர்.' அதோடு விட்டாயா? 'குழாயின் அடைப்பு நீங்கிவிட்டது. அந்தச் சகோதரர் மட்டும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பெருமை என்னும் பனியன் இன்னும் அவர் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.' டேய், இது வேதபாடமா, போலீஸ் எப்.ஐ.ஆரா?

உன் அக்கா சந்திரா அந்த இதழைப் பக்கத்து வீட்டுப் பெண் ஹுமேராவிடம், படிக்கிற பிள்ளையாயிற்றே என்று கொடுத்துவிட்டாள். அது அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. நேற்றுக் காலை அக்தர் பானு புத்தகமும் கையுமாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க மன்னிப்பு கேக்க முடியாம ரொம்ப கஷ்டப்படறீங்கன்னு இதுல போட்டிருக்குது. பரவால்ல, கேக்க வேணாம். நாங்க அத அன்னிக்கே மறந்துட்டோம்."

"இல்லம்மா, நான் கேக்கணும்னுதான்..."

"தெரியும்ண்ணே. தொண்டைக்கு வெந்நீர் குடிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிரித்தாரா என்று தெரியவில்லை, முக்காடு மறைத்துவிட்டது. பிரேம்குமார், நன்றாகக் கேள். என் ஆயுசில் நானாகக் கேட்க இருந்த மன்னிப்பு அந்த ஒன்றுதான். அதை நான் வாய் திறப்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்காத மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? திருப்பிக் கொடுக்கவும் முடியாது. மூன்று வாரமாக நெஞ்சுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அப்படியே கிடக்கின்றன. அத்தனைக்கும் காரணம் நீ.

வீட்டுச் சேதி உனக்கு எப்படி வருகிறது என்றும் எனக்குத் தெரியும். உன் அக்கா போனில் சொல்கிறாள். அவள் வெள்ளை மனசுக்காரி. மளிகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. தம்பி கேட்கிறானே என்று சொல்லியிருப்பாள். அந்த வெகுளியை வைத்து நீ பேர் வாங்குகிறாய். அடுத்த மாதம் 'ஆம்பூரில்' என்று ஒரு சொல் வரட்டும், உன் ஆலயத்துக்கே வந்து ஆராதனை நடுவில் எழுந்து நின்று கேட்பேன். கிறிஸ்துமஸுக்கும் நீ இங்கு வர வேண்டாம். ஸ்வேதா மட்டும் வரலாம்.

மற்றபடி, சமாதானத்தின் தேவன் உங்களோடு இருப்பாராக. என்னோடு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் மாமா
கனகராஜ்

பின்குறிப்பு: உன் பின்கோடு கேட்கச் சமையலறைக்குப் போனேன். எதற்கு என்றாள் சந்திரா. கடிதத்தை முழுக்க, குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்தாள். பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அவன் எழுதல. எட்டும் நான் எழுதினது. அவன் பேர்ல போனாதான் போடுவாங்கன்னு சொன்னான், சரின்னுட்டேன்."

"ஊரே சிரிக்குதே சந்திரா. எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"முப்பத்தஞ்சு வருஷமா நேர்லதான் சொல்றேன். நீங்க காதுல வாங்கினதில்ல. அச்சுல வந்தா ரெண்டு தடவ படிக்கறீங்க."

நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஒரே வரியை நாலு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறாள். இரண்டு இடத்தில் என்னை மீறிச் சிரித்தும்விட்டேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அக்தர் பானு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மன்னிப்பை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தேன். டீ கொடுத்தார்கள்.

ஆகவே மேலே உன்னைத் திட்டியது அத்தனையும் வாபஸ். அதை உன் அக்காவைத் திட்டியதாகவும் எடுத்துக்கொள்ளாதே. யாரையும் திட்டவில்லை என்று வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. ஆனால் அடுத்த இதழில் அந்தப் பக்கத்தின் தலையில் சந்திரா என்று அவள் பெயர் இருக்க வேண்டும். ஆசிரியர் குழுவில் யாராவது ஆட்சேபித்தால் எனக்கு உடனே சொல், நானே நேரில் வருகிறேன். கோபம் இன்னும் நிறைய மீதி இருக்கிறது.