பதினொரு கழகத்து மாப்பிள்ளை

"பதினேழு வருசத்தில பதினொரு இடமோ?"

இராசலிங்கம் கத்திய சத்தத்தில் மேல்வீட்டு ஜெர்மன்காரர் தன் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மகள் பிரபாலினி செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து, "அப்பா, இந்த மாசக் கடைசி ஞாயிறு ஒராள் வீட்டை வாறார். ஸ்கொட்லாந்துக்காரர், பேர் டங்கன். எங்கட கழகத்தில உதைபந்து விளையாடுறவர். கலியாண விசயமா உங்களோட கதைக்கோணுமாம்" என்றாள். அடுத்த வசனத்துக்கு அவள் வாயெடுப்பதற்குள் இராசலிங்கம் பிட்டுக் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டார். மற்றக் கையால் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடினார். தேடியதும் தலை சுற்றியது.

பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் முப்பத்தொரு வருசமாக ஒரே வேலை பார்ப்பவர் அவர். இருபத்தைந்தாம் வருசம் பாராட்டிக் கொடுத்த மணிக்கூடு வரவேற்பறையில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதற்கும் தினமும் பூ வைப்பார்.

"ஓரிடத்திலயும் ரெண்டு வருசத்துக்கு மேல வைச்சிருக்கேல்லை. எல்லாரும் கலைச்சுவிட்டிருக்கிறாங்கள். உப்பிடி ஒருத்தனுக்கு ஆரும் பொம்பிளை குடுப்பினமோ?"

"அப்பா, ஒப்பந்தம் முடிஞ்சா கழகம் மாறுறது வழமை. அதோட நான் சொல்ல வந்தது..."

"மூச்! நான் விசாரிச்சு முடிக்குமட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் உதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது."

"சொல்லுறதைக் கேளுங்கோவன்."

"வாய் திறக்கக் கூடாது எண்டால் கூடாது!"

பிரபாலினி தகப்பனைப் பார்த்தாள். பிறகு அடுப்படி வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற மாமி ஜெயமலரைப் பார்த்தாள். "சரி, விசாரியுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

ஜெயமலர் இராசலிங்கத்தின் ஒரே தங்கை. அவருடைய மனைவி இறந்தபோது, ஒன்பது வயசுப் பிரபாலினியைப் பார்த்துக்கொள்ள இருபத்திரண்டு வயசில் ஊரிலிருந்து வந்தவள். வந்த புதிதில் அவளுக்கு நாலைந்து சம்பந்தம் பேசிவந்தது. செவ்வாய்க் குற்றம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. பிறகு யாரும் பேசவில்லை. இராசலிங்கமும் மறந்துபோனார். வேண்டுமென்று மறக்கவில்லை, நேரத்துக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பிரபாலினி படித்து நாலாம் பிரிவு உதைபந்துக் கழகம் ஒன்றில் பிசியோதெரபி வேலைக்குப் போனபோது, அங்கேயே கன்ரீனில் மாமிக்கும் ஒரு வேலை எடுத்துக் கொடுத்தாள்.

இராசலிங்கம் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். டங்கன் விளையாடிய பதினொரு ஊரில் எட்டு ஊரில் சொந்தக்காரர் இருந்தார்கள். மற்ற மூன்றில் யாரும் குடியேறாமல் விட்டது அவருக்கு மானக்கேடாக இருந்தது.

முதலில் ஸ்கொட்லாந்து. டண்டியில் கடை வைத்திருக்கும் அரியரத்தினம் அண்ணையைப் பிடித்தார்.

"அண்ணை, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சும்மா விசாரிக்கிற மாதிரி விசாரிச்சுச் சொல்லுங்கோ."

மூன்றாம் நாள் அண்ணை அழைத்தார். "தம்பி, இருக்கிறியோ, நிக்கிறியோ?"

"நிக்கிறன்."

"இரு. கழகத்தில புல்லு வெட்டுற கிழவனைப் பிடிச்சன். பெடியன் பின்னுக்கு நிண்டு விளையாடுறவனாம். பந்து தப்பிப் போனாலும் ஆள் தப்பிப் போக விடமாட்டானாம். சிவப்பு அட்டை மாத்திரம் ஏழாம்."

இராசலிங்கம் நெஞ்சைப் பிடித்தார். "ஆளை உதைக்கிறவனோ!"

"சம்பளம் குடுத்து உதைக்கச் சொல்லியிருக்கிறாங்கள், தம்பி."

இது ஆறுதலா, பயமுறுத்தலா என்று இராசலிங்கத்துக்கு விளங்கவில்லை. அடுத்து நோர்வே. பேர்கனில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை பாலாம்பிகை ஒரே நாளில் செய்தி கொண்டு வந்தாள்.

"அண்ணை, அவர் இஞ்சயிருந்து வெளிக்கிடேக்கை ஒரு பொம்பிளை ரோட்டில நிண்டு அழுததாம்."

"ஐயோ! கலியாணம் கட்டின பொம்பிளையோ?"

"ஓம். அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பொம்பிளை. எண்பத்தொரு வயசு. ரெண்டு வருசமா அவவின்ர படலை வாசலில கிடந்த பனியை எல்லாம் இவர்தான் வழிச்சுவிட்டவராம்."

இராசலிங்கம் கொப்பியில் 'பொம்பிளை' என்று எழுதியிருந்ததை அடித்து, 'பனி' என்று எழுதினார்.

சுவிசில் இருக்கும் ராசன் இன்னும் கலக்கினான். "அண்ணை, குடி இல்லை, சிகரெட் இல்லை, சூதாட்டம் இல்லை. ஒரு பிழையும் கண்டுபிடிக்கேலாமக் கிடக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம்."

"முழங்கால் ஏதோ பிழையாம் எண்டு டென்மார்க்கில சொல்லுறாங்கள்" என்றார் இராசலிங்கம் அன்று பின்னேரம், தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே. வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் அவருக்குப் பொருந்தாது.

"அது போன வருசமே சுகமாப் போட்டுது" என்றாள் ஜெயமலர்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"கன்ரீனுக்குச் சாப்பிட வாறவர்தானே. நொண்டாமல்தான் வாறார்."

அவர் தலையாட்டிவிட்டு, 'முழங்கால் சுகம்' என்று குறித்துக்கொண்டார்.

ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று எட்டு ஊரில் சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. இரண்டாம் கிழமை கோயிலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் கை கொடுத்தார்கள். "ராசலிங்கம், மாப்பிள்ளை வெள்ளையாமே!" என்று ஒருவர் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்தால் கனடாவிலிருந்து அழைப்பு. இருபது வருசமாகக் கதைக்காத மைத்துனி கமலநாயகி.

"அத்தான், பிரபாவுக்குக் கலியாணமாம். ஹோல் எடுத்தாச்சோ? நாங்கள் பன்ரெண்டு பேர் வாறம்."

இராசலிங்கம் கதிரையில் சரிந்தார். இனி வேண்டாம் என்று சொல்ல ஏலாது. பேசிக் குழம்பிய சம்பந்தம் என்று உலகம் முழுக்கப் பெயர் போனால், பிள்ளையை அடுத்து யார் கேட்டு வருவான்? அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவிடமாட்டேன் என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னவர் அவர். அதை நினைக்க உண்மையாகவே அழுகை வந்தது.

அழுது முடிந்ததும் கட்சி மாறினார். அடுத்த நாளே வேலையிடத்தில் தமிழ் ஆட்களிடம் அவர் சொன்னது வேறு கதை.

"பதினொரு இடத்தில கூப்பிட்டு எடுத்திருக்கிறாங்கள். என்னை முப்பத்தொரு வருசமா ஒருத்தன் கூப்பிட்டிருப்பானோ?"

"வயசு முப்பத்தொன்பதாமே, அண்ணை. பிள்ளைக்கு இருபத்தாறு."

"பதின்மூண்டு வயசு ஒரு வித்தியாசமோ? பொறுப்பா இருப்பார்."

கையோடு கையாகக் கலியாண ஹோலுக்கும் நாள் பார்த்துப் பதிந்தார். மிச்சம் இருந்தது ஜாதகம் ஒன்றுதான். அதையும் பார்த்துவிட்டால் கமலநாயகிக்குப் பதில் சொல்லலாம். ஆனால் வெள்ளைக்காரனுக்குப் பிறந்த நேரம் எங்கே தேடுவது?

"பிரபா, உவர் பிறந்த நேரம்..."

பிரபாலினி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். டங்கனின் பிறப்புச் சான்றிதழ். ஸ்கொட்லாந்தில் அதில் பிறந்த நேரமும் எழுதுவார்களாம். காலை ஆறு நாற்பது.

"உது எப்பிடி உன்ர கையில?"

"திருமணப் பதிவுக்கு எடுத்து வைச்சது. ஸ்ரன்டெசம்ற்றில தெர்மினும் எடுத்தாச்சு."

இராசலிங்கத்துக்கு இரண்டாம் தடவை நெஞ்சு அடைத்தது. அரச அலுவலகத்தில் நாள் எடுக்கும் வரைக்கும் போயிருக்கிறார்கள்! ஆனாலும் அவரே ஹோல் எடுத்துவிட்ட மனிதர், யாரைத் திட்டுவது? தாளை வாங்கிக்கொண்டு கோயில் ஐயரிடம் ஓடினார்.

ஐயர் கணினியில் தட்டினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார்.

"உங்கட மகளின்ர ஜாதகம் சுத்தம். இவருக்கு ஏழில செவ்வாய். கடும் செவ்வாய். பொருத்தவே ஏலாது."

"ஐயா, வெள்ளைக்காரருக்குமோ செவ்வாய்?"

"கிரகம் கடவுச்சீட்டுப் பாத்தே இருக்கும்? இவருக்குச் செவ்வாய் உள்ள பொம்பிளையாப் பாத்தால் அமோகமா இருக்கும்."

இராசலிங்கம் எஸ்-பான் ரயிலில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. டங்கனும் வந்தார். ஆறடி மூன்றங்குலம், கழுத்துப் பட்டி, நெற்றியில் பழைய தையல் அடையாளம். கதவைத் திறந்த ஜெயமலரிடம் பூங்கொத்தைக் கொடுத்தார். உறைப்பு வடை நாலைத் தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டார். ஐந்தாவதைக் கேட்டு வாங்கினார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து, "இருபத்தைந்து வருசம் ஒரே இடமா? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை" என்று ஜெர்மனில் மரியாதையோடு சொன்னார். இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே என்று இராசலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

அவர் எழுந்து நின்றார். ஜெர்மனில் தொடங்கினார்.

"தம்பி, எட்டு ஊரில உம்மைப் பற்றி விசாரிச்சன். பனி வழிச்சதும் தெரியும், முழங்காலும் தெரியும். உம்மில ஒரு பிழையும் இல்லை. ஆனால் செவ்வாய்க் கிரகத்தில பிரச்சினை."

டங்கன் பயந்துபோனார். "நான் அங்கே விளையாடியதே இல்லையே!"

இராசலிங்கம் விளக்கப் பார்த்தார். ஏழாம் வீட்டை ஜெர்மனில் சொல்ல, டங்கன் ஜன்னலால் எதிர்ப்பக்கத்து வீடுகளை எண்ணினார். கடைசியில் இராசலிங்கம் தமிழிலேயே உடைந்தார்.

"பிரபா, என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. ஊர் என்னவும் சொல்லட்டும், கமலநாயகி என்னவும் சொல்லட்டும். உன்ர வாழ்க்கையில ஒரு குறை வர நான் விடமாட்டன். இதைச் செய்ய ஏலாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் விழுந்தார்.

"அப்பா, விசாரிச்சு முடிஞ்சுதோ?" என்று பிரபாலினி மெதுவாகக் கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அப்ப இனி வாய் திறக்கலாமோ?"

"திற. என்னத்தை வேணுமெண்டாலும் சொல்லித் திட்டு."

பிரபாலினி வாய் திறக்கவில்லை. திரும்பி மாமியைப் பார்த்தாள். ஜெயமலர் தேத்தண்ணீர்த் தட்டை மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். போய் டங்கனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"செவ்வாய் எனக்கும் இருக்கு, அண்ணை. எட்டு ஊரில விசாரிச்சியள், கட்டப்போற என்னட்டை மட்டும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை."