வேலிக்கு வெளியே ஒரு களிமண் அப்பா

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்கு நான் என் தகப்பனாரை வீட்டை விட்டு வெளியேற்றினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கேட்டதற்கு ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசாத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். அன்று மட்டும் முழு வாக்கியங்களாகப் பேசினேன். (பேசாதவர்கள் பேசினால் எல்லோரும் கவனிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மறுபடியும் ஓம், இல்லைக்கே திரும்பிவிட்டேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் சுற்றாடல் பாடம். நாலாம் ஆண்டில் வீடும் ஊரும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டைக் களிமண்ணில் செய்து வர வேண்டும். அது யாருடைய வீடு, அம்மாவின் ஊர் எது, அப்பாவின் ஊர் எது என்று கேட்டறிந்து வர வேண்டும் என்றார் எங்கள் வகுப்பு ரீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி. பெற்றோரும் கல்வி அதிகாரி ஒருவரும் வருவார்கள்.

எதையும் அச்சுப் பிசகாமல் செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போதே இருந்த வியாதி. அன்று பின்னேரமே குசினிக்குள் போய், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு முன்னால் குந்தினேன்.

"அம்மா, இது ஆர்ர ஊடு?"

"எண்ட ஊடு. எண்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது."

"அப்பாட இல்லையா?"

"அவர் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்தவர்தானே மனே."

"உங்களுக்குப் பிறகு ஆருக்கு?"

"உனக்குத்தான். வேற ஆருக்கு?" என்றார் அம்மா, மீன் தலையைச் சட்டிக்குள் போட்டபடி.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை ஓர் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். ஊரிலுள்ள ஆண்கள் அனேகமாக எல்லோரும் மனைவிமாரின் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. அம்மா மீன் வெட்டும் கவனத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் முடிசூட்டு விழாவாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு கிழமை நான் நடத்திய ஆட்சியை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. முதலில் அகப்பட்டவன், சுவரில் படம் கீறிக்கொண்டிருந்த ஆறு வயதுத் தம்பி.

"செவத்துல கீறாத. இது எண்ட ஊடு. நீ பெரிசானா உண்ட பொஞ்சாதிட ஊட்டுக்குப் போகணும்."

அவன் அழவில்லை. சற்று யோசித்தான். "அங்க மாமரம் இரிக்குமா?"

"தெரியா."

"நாய்?"

"தெரியா."

அதன் பிறகுதான் அழுதான்.

அடுத்தது அப்பா. அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். பின்னேரம் வந்ததும் சைக்கிளை விறாந்தைச் சுவரில் சாத்துவது வழக்கம். "செவத்துல சாத்தாதீங்க அப்பா, சுண்ணாம்பு உரியும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நிறுத்தினார். என் சொல்லுக்கு இத்தனை வலிமையா என்று எனக்கே பிரமிப்பாக இருந்தது.

அவருடைய ஊரைக் கேட்டபோதுதான் தடங்கல் வந்தது.

"அங்கால" என்று மேற்குப் பக்கம் தலையை அசைத்தார்.

எங்கள் ஊர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. இந்தக் கரையில் இராணுவம். அந்தக் கரையில் இயக்கம். நடுவில் தோணித் துறையும் அதன் விசாரணைகளும். அப்பா பிறந்த வீடு அங்கே இருந்தது. சண்டையில் அவருடைய ஆட்கள் சிதறிப்போன பிறகு அவர் அந்தக் கரைக்குப் போனதில்லை.

"உங்கட ஊடு எப்பிடி இரிக்கும் அப்பா?"

"போய்க் கால் கழுவிட்டுப் படி" என்றார்.

ஆகவே களிமண் வீட்டை வைக்க நான் எடுத்த பலகையில் ஓர் இடம் வெறுமையாயிற்று. பலகையின் நடுவே வீடு. அதற்கு அப்பால் வாவியாக, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு. கண்ணாடிக்கு அப்பால் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை. தெரியாததை நான் செய்வதில்லை. தெரிந்ததை எல்லாம் செய்தேன்: சாய்ந்த படலை, ஓடு நழுவிய மூலையோடு திறந்து மூடும் கூரை, கிணற்றடி, மாமரம். குசினியில் அம்மா, மரத்தில் தம்பி, விறாந்தைக் கதிரையில் நான் (கொஞ்சம் பெரிதாக). வேலிக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி அப்பா.

கண்காட்சிக்குக் கல்வி அதிகாரியோடு பக்கத்து முகாமிலிருந்து இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். அந்தக் காலத்தில் எந்தக் கூட்டமும் அவர்கள் இல்லாமல் நடக்காது. அதிகாரி என் பலகைக்கு முன்னால் நின்றார்.

"வடிவாச் செய்திரிக்கிறீங்க மகள். இது ஆர்ர வீடு?"

"இது என்னுடைய வீடு" என்றேன், ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்திருந்த புத்தகத் தமிழில்.

"ஓ. இதாரு, வேலிக்கு வெளியில நிக்கிற மனிசன்?"

"அவர் என்னுடைய அப்பா. அவருக்கு இங்கே சொந்த வீடு இல்லை. அவர் வந்து தங்கியிருப்பவர்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"நானும் அப்பிடித்தான் மகள்" என்றார் அதிகாரி. "இருவது வருசமா வந்து தங்கித்தான் இரிக்கன். வாடகை மட்டும்தான் குடுக்கல்ல."

இப்போது ஆண்களும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வகுப்பறைக்கு அரைச்சுவர்தான். அந்தச் சுவருக்கு வெளியே, கடையிலிருந்து பிந்தி வந்து உள்ளே இடம் கிடைக்காமல், சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். களிமண்ணில் நான் செய்திருந்த அதே நிலையில். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகே அவர் சிரித்தார்.

வீடு திரும்பும்போது பலகையைக் கரியரில் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி சைக்கிளை உருட்டிவந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. எதையோ பிழையாகச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனால் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் உண்மை.

அன்று பின்னேரம் அந்த இரண்டு சிப்பாய்களும் எங்கள் படலையில் வந்து நின்றார்கள்.

அந்த நாட்களில் வீட்டில் வெளியாள் தங்கினால் முகாமில் பதிய வேண்டும். சிப்பாய்களில் இளையவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். 'வந்து தங்கியிருப்பவர்' என்பது அந்தக் கொஞ்சத்துக்குள் அடங்கியிருந்தது. எங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. நான் செய்த மாதிரி அவ்வளவு துல்லியமானது.

"இந்த வூட்டுல வந்து இருக்கிற ஆள் எங்க?"

கிணற்றடியிலிருந்து அப்பா ஈரத் தலையோடு வந்தார். "நான்தான்" என்றார். வேறு என்ன சொல்வார்?

அடையாள அட்டையைக் கேட்டார்கள். அது அவர் கலியாணத்துக்கு முன் எடுத்தது. முகவரி படுவான்கரை. மூத்த சிப்பாய் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அப்பாவைப் படலைக்கு வெளியே வந்து நிற்கச் சொன்னார். அப்பா போய்ச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். "முகாமுக்கு வரணும்" என்றார் இளையவர். அப்படி முகாமுக்குப் போன சிலர் அன்றே திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை.

"இவர் எண்ட மனிசன்" என்றார் அம்மா. "பதினொரு வருசமா இஞ்சதான் இரிக்கார். கேட்டுப் பாருங்க, ஆரையும் கேட்டுப் பாருங்க." குடும்ப அட்டை ஊர் அலுவலரான விதானையாரிடம் இருந்தது. கலியாணப் பதிவு எழுத்து பெட்டிக்குள்; பெட்டி பூட்டியிருந்தது, திறப்பைக் காணவில்லை. அம்மா உள்ளே ஓடி எதையெதையோ இழுத்துக் கொட்டும் சத்தம் கேட்டது.

இளைய சிப்பாய் என் பக்கம் திரும்பினார். "இது யாரு?"

வாயைத் திறந்தேன். முற்பகல் அத்தனை வாக்கியம் பேசிய வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. விறாந்தையில் கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவருடைய காலடியில் வைத்தேன். வேலிக்கு வெளியே நின்ற களிமண் அப்பாவைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த களிமண். முழங்காலோடு முறிந்துபோனார். கால்கள் இரண்டும் சைக்கிளோடு வெளியே நிற்க, மிச்ச அப்பாவை எடுத்து, கூரையைத் திறந்து, வீட்டுக்குள்ளே அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கூரையை மூடினேன்.

"அப்பாட கால உடைச்சிட்டா" என்று தம்பி பெருங்குரலில் அழத் தொடங்கினான்.

இளையவர் குனிந்து கூரையைத் தூக்கிப் பார்த்தார். "அப்பா?"

"ஓம்" என்றேன்.

அவர் மூத்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மூத்தவரும் குனிந்து பார்த்தார். இருவருடைய தோள்களும் குலுங்கத் தொடங்கிய பிறகுதான் அது சிரிப்பு என்று எனக்கு விளங்கியது. அட்டையை அப்பாவிடம் கொடுத்து, முகவரியை மாற்றச் சொன்னார்கள். போகும்போது இளையவர் திரும்பி என்னிடம், "நோனா, அப்பா உள்ள வரலாமா?" என்று கேட்டார். (நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி.)

நான் தலையாட்டினேன். அப்பா உள்ளே வந்தார். திறப்பு அகப்பட்டுவிட்டது என்று அம்மா அப்போதுதான் உள்ளேயிருந்து சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயர் நோனா. அப்பா வேலையால் வந்தால் படலையில் நின்று, "நோனா, உள்ள வரலாமா?" என்று கேட்காமல் காலை வைத்ததில்லை. நான் இலக்கியம் படிக்கப் பல்கலைக்கழகம் வந்த பிறகும் விட்டபாடில்லை. போன மாதம்கூடத் தொலைபேசியில், "நோனா, கூரையில ரெண்டு ஓடு உடைஞ்சி கிடக்கு. மாத்தட்டோ, உத்தரவு வேணுமோ?" என்றார். தம்பி கலியாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் முதலில் கேட்கப்போவது மாமரம் உண்டா என்பதைத்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிப்பாய்கள் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை. காலையில் வாவிக்கரைக்குப் போய் ஒரு சட்டி களிமண் எடுத்துவந்தேன். அப்பாவுக்குப் புதிய கால்கள் செய்து பொருத்தினேன். பழைய கால்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் இறுகிப்போயிருந்தன. அவற்றை அப்படியே விட்டேன். பிறகு பலகையையும் மிச்சக் களிமண்ணையும் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அப்பால் வெறுமையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"உங்கட ஊட்டுக்கு எத்தின வாசல் அப்பா?"

அவர் காற்றடிப்பதை நிறுத்தினார். பம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

"ரெண்டு" என்றார். "ஒண்டு வாவியப் பாத்தது."

நான் களிமண்ணை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவர் கையில் கொடுத்தேன்.